பதுளையில் வெட்டிய ஓரம்

எலிசபெத் டீச்சர் இருந்தார். வீடு அவருடையது. பதுளை டவுனுக்கு மேலே, மேட்டில். கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பூ வரைவார்.

ரவீந்திரன் இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருக்கிறார். தேயிலை மலையும் பனியும் வரைவார்.

நிமல் ஐயா இருந்தார். சிங்களவர். ரயிலில் கார்டாக இருந்தவர். ரயில் மட்டும் வரைவார். தமிழ் புரியும், பேச வராது.

செல்வராணி இருந்தார். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்கு அங்கே வேலை இருக்காது.

நான் இருந்தேன். சவரிமுத்து. நீலகிரியில் கோத்தகிரி. சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவன். எட்டாவது வரை படித்தேன்.

எல்லாரும் வாட்டர்கலர் வரைகிறவர்கள். யாருக்கும் அது தொழில் இல்லை. ஒரு வாட்ஸ்அப் குழு. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு படம் போடுவோம். என் சித்தப்பா குடும்பம் பதுளையில் இருக்கிறது. அவர் மகள் டீச்சரிடம் படித்தவள். அப்படி நான் உள்ளே வந்தேன். இப்போது அவள் கல்யாணத்துக்கு வந்தேன். கல்யாணம் முடிந்து நான்கு நாள் மிச்சம் இருந்தது. டீச்சர் வரச் சொன்னார். முகம் பார்த்தது அன்றுதான். சனிக்கிழமை.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. படத்தைக் காட்டும்போது எது வரவில்லையோ அதை முதலில் சொல்ல வேண்டும். பாராட்டு பிறகுதான். மேசை மேல் படங்களை வைத்தோம். பிளேன்டி வந்தது. எங்கள் ஊரில் பால் இல்லாமல் டீ கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள். இங்கே பால் ஊற்றினால்தான் முகம் சுளிக்கிறார்கள். கோத்தகிரியிலிருந்து வர்க்கி கொண்டுபோயிருந்தேன். விமானத்தில் பாதி நொறுங்கிவிட்டது. நிமல் ஐயா அந்த நொறுங்கலையும் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார்.

டீச்சர் தொடங்கினார்.

“வெள்ளை ரோசா. வெள்ளைதான் வரமாட்டேங்குது. பேப்பரோட வெள்ளைய அப்படியே விட்டுறணும். எனக்கு விட முடியல. கை போயிருது. பூசிப் பூசி ரோசா சாம்பலாயிருச்சு.”

நிமல் ஐயா தன் ரயிலைக் காட்டிச் சிங்களத்தில் சொன்னார். டீச்சர் தமிழில் திருப்பினார். “என் பேரன் இதைப் பார்த்துவிட்டு, தாத்தா பாண் வரைந்திருக்கிறார் என்றான்.”

பாண் என்றால் இங்கே பிரெட். நான் பார்த்தேன். பாண்தான். ஜன்னல் வைத்த பாண்.

ரவீந்திரன் ஆறு படம் வைத்தார். ஆறிலும் மலை, பனி, கொழுந்து எடுக்கிற பெண்கள். எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

“முகம் வரலைங்க. அதான் முதுகு.”

“திரும்பி நில்லுங்கன்னு எங்கள யாராச்சும் கேட்டாத்தானே,” என்றார் செல்வராணி. “அப்புறம், அந்தக் கூடையெல்லாம் காலியா கெடக்கு. பின்னேரம் காலிக் கூடையோட நின்னா கணக்கப்பிள்ளை என்னா வைவாருன்னு தெரியுமா?”

சிரித்தோம். ரவீந்திரன்தான் அதிகம் சிரித்தார். நல்ல மனுஷன். இதை முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். பிறகு எழுத எனக்கு மனம் வராது.

நான் கதவுகளைக் காட்டினேன். பழைய வீட்டுக் கதவுகள். நாலு அங்குல பிரஷ் பிடித்த கை. சின்ன பிரஷ் எடுத்தால் நடுங்குகிறது. அதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

செல்வராணி உரப்பைக்குள்ளிருந்து ஒரு தாள் கட்டு எடுத்தார். மேலே பாலிதீன் சுற்றியிருந்தது. பதினாலு தாள். பிள்ளைகளின் டிராயிங் கொப்பியில் கிழித்தது. ஒவ்வொன்றாக விரித்தார். பதினாலும் ஒரே படம். ஒரு சுவர். சுவரில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு.



“எங்க லயத்துச் சுவரு,” என்றார். லயம் என்றால் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு. “போன வருசம் மழையில விட்டுச்சு. பேப்பர சுவத்துல ஒட்ட வச்சு, வெடிப்போட ரெண்டு பக்கமும் பென்சில்ல கோடு இழுத்துக்குவேன். அளவு மாறாது. அப்புறம் வெடிப்புக்குள்ள நெருப்புக்குச்சிய பக்கத்துல பக்கத்துல சொருகுவேன். எத்தன குச்சி கொள்ளுதோ அதான் அகலம்.”

மாதத்துக்கு ஒரு படம். போயா நாளில், அதாவது பௌர்ணமியன்று. அன்று தோட்டத்தில் பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, போக வேண்டாம், வேலை இல்லை. கலர் என்பது பள்ளிக்கூடப் பெட்டிதான். அதில் பழுப்பு தீர்ந்துபோன பிறகு தேயிலைச் சாயத்தில் செங்கல் பொடியைக் கரைத்துப் பூசியிருந்தார். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தேதி. எத்தனை குச்சி என்ற எண். பக்கத்தில் ஒரு கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை.

“இது யாருது?” என்று கேட்டேன்.

“லயத்து ஆளுங்க. மாசத்துக்கு ஒருத்தர். குச்சிய எண்ணிப் பார்த்துட்டு வைப்பாங்க. சாட்சி வேணுமில்லண்ணே.”

முதல் படத்தில் இரண்டு குச்சி. கடைசிப் படத்தில் பன்னிரண்டு.

யாருக்கு சாட்சி என்று டீச்சர் கேட்டார். செல்வராணி சொன்னார். மண்சரிவு பார்க்கிற ஆபீசர் ஒருவர் முன்பு வந்தார். பழைய வெடிப்பு, பயமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். பழையது என்று தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். செல்வராணியின் மகள் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். கிட்டே வைத்து எடுத்தால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும் என்றார் அவர். செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி வருகிறார்.

“வளருதுன்னு அவரு ஒத்துக்கிட்டா லயத்த விட்டு எல்லாரையும் எடுக்கணும். வேற எடத்துல வீடு குடுக்கணும். இல்லாட்டி அங்கனயேதான். இந்தத் தடவ பழசுன்னு எழுதிட்டா அப்புறம் வரமாட்டாரு.”

நிமல் ஐயா ஒன்று கேட்டார். “அந்தச் சுவர் ஓரம் யார் படுக்கிறீர்கள்?”

“நானும் மகளும்.”

ரவீந்திரன் படங்களைக் கையில் எடுத்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோனார். “ஐயோ, இந்தப் பழுப்பப் பாருங்களேன். இந்த ஓரத்துல தண்ணி தேங்கிக் காஞ்ச கோடு... இத நாங்க வேணும்னு பண்ணாலும் வராது. ஒரே பொருள பதினாலு தடவ! இதுக்கெல்லாம் கொழும்புல தனியா ஹால் எடுத்து மாட்டுவாங்க.”

மறுநாள் டீச்சர் கோயில் மண்டபத்தில் எங்கள் படங்களை மாட்டுவதாக இருந்தது. ஒரு நாள் கண்காட்சி. செல்வராணியின் படங்களும் வேண்டும் என்றார்கள். சட்டம் இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்றார் ரவீந்திரன். செல்வராணி தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“செவ்வாக்கிழமைக்கு வேணும்.”

நான்தான் சொன்னேன். “குடு தங்கச்சி. ஒரு நாள்தானே. ஊர்ல நாலு பேரு பார்க்கட்டும். செவ்வாக்கிழம நானே கொண்டாந்து உன் கையில தர்றேன்.”

என் முகத்தைப் பார்த்தார். கொடுத்தார். கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்து ஓடினார்.

ஞாயிறு. காலையில் பஸ் ஸ்டாண்ட் கடையில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் தின்றேன். இங்கே ரொட்டியில் தேங்காய் போடுகிறார்கள். கல் மாதிரி இருக்கிறது. ஆனால் மத்தியானம் வரை பசிக்காது. மேலே நமுனுகுல மலை தெரியவில்லை. மேகம். பக்கத்தில் ஒரு கண்டக்டர் பயணிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். “உள்ளே இடம் இருக்கிறது, உங்களுக்குத்தான் நகர மனம் இல்லை” என்று சிங்களத்தில் கத்தினார் என்று கடைக்காரர் சொன்னார். கோத்தகிரியிலும் இதையே தமிழில் கத்துவார்கள்.

மண்டபத்துக்குப் போனேன். ரவீந்திரன் வாசலிலேயே நின்றார். கண் சிவந்திருந்தது. விடிய விடிய வேலை செய்திருக்கிறார்.

“வாங்கண்ணே, வந்து பாருங்க.”

பதினாலு சட்டம். கறுப்பு மரம், உள்ளே அகலமான வெள்ளை அட்டை, நடுவில் வெடிப்பு. ஒரே மட்டத்தில் வரிசையாக. அழகாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் அழகாக இருந்தது. ஒரு நிமிடம் நானும் அதைத்தான் பார்த்தேன்.

பிறகு தேடினேன். முதல் சட்டத்தில் தேதி இல்லை. இரண்டாவதில் இல்லை. கடைசியில் இல்லை.

“ஓரம் எங்க?”

“எது?”

“ஓரம். எழுதியிருந்த ஓரம்.”

“அதுவா, வெட்டிட்டேண்ணே. கை பட்டு ஒரே அழுக்கு. பெருவிரல் மை வேற. சட்டம் எல்லாம் ஒரே சைசு, தாளு பெருசா இருந்துச்சு. படத்துல ஒண்ணும் கை வைக்கல. படம் முழுசா இருக்கு பாருங்க.”

படம் வரைகிறவன் மட்டும் செய்யக்கூடிய தப்பு. கறிக்கடைக்காரனிடம் கொடுத்திருந்தால் வெட்டியிருக்க மாட்டான். எழுதியிருக்கிறதே என்று வைத்திருப்பான். நாங்கள்தான் ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வாரம் தவறாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறவர்கள். நானே குழுவில் அவருக்கு எழுதியிருக்கிறேன். ஓரத்தைக் கவனிங்க என்று.

அந்த நேரத்தில் அவர்கள் வந்துவிட்டார்கள்.

செல்வராணி தனியாக வரவில்லை. லயத்துப் பெண்கள் ஆறு பேர் கூட. நல்ல சேலை. தலையில் பூ. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். படம் பார்க்க வரவில்லை. தங்கள் கையெழுத்து பதுளையில் மாட்டியிருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார்கள்.

முன்னால் வந்தவர் பார்வதி அக்கா. அறுபது வயது இருக்கும். கடைசிப் படத்துக்கு ரேகை வைத்தவர். ஒவ்வொரு சட்டத்துக்கும் கிட்டே போய் மூக்கை ஒட்டிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“அடியே ராணி, என் கையி எங்கடி? மாட்டியிருக்குன்னியே?”

செல்வராணி பார்த்தார். அவருக்கு உடனே புரிந்தது. கண்ணாடி மேல் விரலை வைத்தார், எண் இருந்த இடத்தில். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். ரவீந்திரனை அல்ல. என்னை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டாம். கோயில் மண்டபம். டீச்சர் என் கையைப் பிடித்தார். கையை உதறினேன். ரவீந்திரன் கையைக் கூப்பிக்கொண்டே நின்றார். “அழகா இருக்கட்டும்னுதாண்ணே, அழகா இருக்கட்டும்னுதான்.” அதைக் கேட்கக் கேட்க இன்னும் கோபம் வந்தது.

நிமல் ஐயாதான் காரியமாகக் கேட்டார். “வெட்டிய துண்டுகள் எங்கே?”

கடைக் குப்பை. தாள் குப்பையை ஒரு சாக்கில் கட்டி வாசலில் வைப்பார். எதிரே இருக்கிற பேக்கரியில் அடுப்பு பற்ற வைக்க எடுத்துக்கொள்வார்கள். ஓடினோம். நானும் ரவீந்திரனும் முன்னால். பின்னால் ஏழு பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை பதுளை டவுன் நின்று பார்த்தது.

பேக்கரிக்காரர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். சாக்கில் பாதி இருந்தது. பாதி அடுப்புக்குள் போயிருந்தது. அப்போதுதான் வெந்த பாண் தட்டில் வரிசையாக இருந்தது. பார்வதி அக்கா அதைப் பார்த்தார்.

“நம்ம கையெழுத்துல வெந்த பாணு,” என்றார். “ஆளுக்கு ஒண்ணு குடுப்பானான்னு கேளு.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

சாக்கைக் கடைக்குக் கொண்டுவந்து தரையில் கொட்டினோம். கல்யாணப் படத்தின் ஓரம், சாமி படத்தின் ஓரம், கலண்டர் ஓரம். எல்லாம் குச்சி குச்சியாக. தேடினோம். செல்வராணியின் தாளில் ஒன்பது ஓரம் கிடைத்தது. அதில் எது எந்தப் படத்தோடு ஒட்டும் என்பதுதான் அடுத்த வேலை. தேதி ஓரத்தில் இருந்தது. படத்தில் தேதி இல்லை. சில படங்களில் வெடிப்பு ஒரே அளவு. இடம் மாற்றி ஒட்டினால் எல்லாமே பொய்யாகிவிடும்.

இங்கே எனக்கு ஒரு வேலை இருந்தது. பழைய சுவரில் பாதி பேர்ந்துவிட்டால் மிச்சத்துக்கு ஏற்ற மாதிரி கலர் கலக்கித் தொட வேண்டும். முப்பது வருடமாக அதைச் செய்கிறேன். செல்வராணி மாதா மாதம் சாயம் புதிதாகக் கலக்கியிருந்தார். ஒரு மாதம் தேயிலை கூட. ஒரு மாதம் செங்கல் கூட. ஒன்று போல ஒன்று இல்லை. கலர் கோட்டைத் தாண்டி ஓரத்துக்கும் கொஞ்சம் வழிந்திருந்தது. கடை வாசல் வெளிச்சத்தில் துண்டையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரி என்றால் செல்வராணி தலையாட்டுவார். நிமல் ஐயா பின்பக்கம் தாள் வைத்து ஒட்டுவார். கை நடுங்காது அவருக்கு. ரயிலை மட்டும் ஏன் பாண் ஆக்குகிறார் என்று தெரியவில்லை.

சட்டங்களை மண்டபத்திலிருந்து கொண்டுவந்து உடைத்தது ரவீந்திரன். அவரே போட்ட சட்டம், அவரே உடைத்தார். ஒவ்வொன்றுக்கும் மூக்கை உறிஞ்சினார். அவரோடு நான் பேசவில்லை.

பெண்கள் மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்கள். போகும்போது செல்வராணி சொன்னார். “ஒம்பதாச்சும் இருக்கே. செவ்வாக்கிழம கொண்டாந்துருங்கண்ணே.” மறுபடி என்னை நம்புகிறார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கள். மீதி ஒட்டுவதற்கு அன்று மத்தியானம் ஆனது. ரவீந்திரன் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, கருவாட்டுப் பொரியல். வேண்டாம் என்றேன். அவர் மனைவி தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றார்.

“அவரு மேல கோவம்னா அவர அடிங்கண்ணே. சோத்து மேல என்னாத்துக்கு?”

சாப்பிட்டேன். கறி நன்றாக இருந்தது. கோபம் போகவில்லை.

செவ்வாய். ஆபீசர் பதினொரு மணிக்கு வருவார் என்று செல்வராணி செய்தி அனுப்பியிருந்தார். விடிந்ததும் பஸ் ஏறினோம். நான், நிமல் ஐயா, ரவீந்திரன். அவரை நான் கூப்பிடவில்லை. வந்து நின்றார். படங்கள் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முழு நேரமும் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

மலை ஏற ஏற எங்கள் ஊர் மாதிரியே இருந்தது. அதே தேயிலை, அதே சவுக்கு. எங்கள் பக்கம் ரோடு பரவாயில்லை. இங்கே ரோட்டில் பாதியை மழை எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஒரு வளைவில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி அடியில் படுத்தார். எழுந்து வந்து ஏதோ சொன்னார். நிமல் ஐயா கையால் காட்டினார், முடிந்தது என்று. பின் சீட்டில் ஒரு கிழவர், “இந்த பஸ்ஸுக்கு வயசு என்னையவிட கூட. ஆனா அதுக்கு பென்சன் இல்ல,” என்றார்.

மணி ஒன்பதரை. நடந்தோம். ஒரு மைல் போன பிறகு கொழுந்து லொறி வந்தது. காலிச் சாக்குகளோடு பின்னால் ஏறிக்கொண்டோம். லொறி குலுங்கின குலுங்கலில் நிமல் ஐயா இரண்டு முறை என் மேல் விழுந்தார். ரவீந்திரன் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். விழுந்தால் பெட்டி விழக்கூடாது என்று.

லயத்துக்குப் போகும்போது பதினொன்று தாண்டிவிட்டது. பத்துக் காம்பரா, அதாவது பத்து அறை, ஒரே கூரை, தகரம். பின்னால் மலை செங்குத்தாக நிற்கிறது. மலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலம்தான். ஜீப் நின்றிருந்தது. ஆபீசர் கிளம்புகிற மாதிரி இருந்தார். கையில் பைல். கூட கணக்கப்பிள்ளை. பெண்கள் வேலைக்குப் போகாமல் ஒதுங்கி நின்றார்கள்.

செல்வராணி என்னிடம் வந்தார். “நேத்து பூசிட்டாங்கண்ணே.”

பார்த்தேன். லயம் முழுக்க வெள்ளை. புதுச் சுண்ணாம்பு. பெரிய ஆள் வருகிறார் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது இங்கே வழக்கமாம். செல்வராணி காட்டிய இடத்திலும் வெள்ளைதான். வெடிப்பு இல்லை.

பெட்டியைத் திறந்தோம். நிமல் ஐயா ஆபீசரிடம் சிங்களத்தில் பேசினார். நீளமாகப் பேசினார். ரயில் கார்டு குரல். ஆபீசர் ஒன்பது படத்தையும் வாங்கிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் பார்த்தார். பிறகு ஒட்டின இடத்தில் விரலை வைத்தார். கேட்டதை நிமல் ஐயா சைகையில் காட்டினார். இது ஏன் ஒட்டியிருக்கிறது? யார் வெட்டியது?

ரவீந்திரன் முன்னால் போனார். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் தமிழில் சொன்னார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

“நான் வெட்டினேன். சட்டம் போடுறவன் நான். அழுக்குன்னு நெனச்சு வெட்டினேன். அவங்க மேல தப்பில்ல.”

அப்புறம் அதையே சிங்களத்தில் சொன்னார்.

ஆபீசர் படங்களைத் திருப்பித் தந்தார். கேட்டதை ரவீந்திரன் எங்களுக்குச் சொன்னார். “படம் சரி. கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் வெடிப்பு எங்கே?”

“சின்னக் கீறல்தான் சார், பூசியாச்சு,” என்றார் கணக்கப்பிள்ளை.

நான் சுவரில் கை வைத்தேன். மற்ற இடம் காய்ந்திருந்தது. அங்கே மட்டும் சில்லென்று இருந்தது. விரலை மடக்கித் தட்டினேன். வெற்றிடத்துச் சத்தம். உள்ளே எதையோ அடைத்துவிட்டு மேலே சாந்து இழுத்திருக்கிறார்கள். இந்த வேலை எனக்குத் தெரியும். வீடு விற்கிறவர்கள் கூப்பிடுவார்கள். வாங்குகிற ஆள் வருவதற்கு முதல் நாள். சாக்கைத் திணி, பட்டி இழு, கலர் அடி, ஒண்ணும் தெரியக்கூடாது. எத்தனை வீட்டில் செய்திருக்கிறேன் என்று எண்ணியதில்லை. அந்த வீடுகளில் யார் சுவரோரம் படுத்தார்கள் என்றும் கேட்டதில்லை.

“கத்தி குடுங்க,” என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ரவீந்திரனிடம் பேசின முதல் வார்த்தை.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அட்டை வெட்டுகிற கத்தி. ஓரங்களை வெட்டின அதே கத்தி.

“தோட்டத்துச் சுவர்ல கை வைக்க நீ யாருய்யா?” என்றார் கணக்கப்பிள்ளை.

“பெயிண்டர்.”

குத்தி இழுத்தேன். சாந்து இன்னும் பச்சை. தகடாக வந்தது. உள்ளே உரச் சாக்கு, சுருட்டித் திணித்தது. முனையைப் பிடித்து இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. அதன் பின்னால் இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து காற்று வந்தது, ஈர மண் வாடையோடு.

ஆபீசர் பைலை ஜீப்பின் மேல் வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

செல்வராணி உள்ளே போய் நெருப்புப் பெட்டியும் ஒரு புதுத் தாளும் கொண்டுவந்தார். படப் பெட்டியிலிருந்து போன மாதத்துப் படத்தைப் பார்வதி அக்கா எடுத்தார். பன்னிரண்டு என்று எழுதியிருந்த ஓரம் கிடைத்த ஒன்பதில் ஒன்று. அதை ஆபீசர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“இது என் கையி. நான் எண்ணித்தான் வச்சேன். இப்பயும் எண்ணுவேன்.”

செல்வராணி குனிந்து முதல் குச்சியை வைத்தார். அதை ஒட்டி அடுத்தது. பெண்கள் சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். ஆறாவது வந்தபோது கணக்கப்பிள்ளை விலகிப் போனார். பன்னிரண்டில் எல்லாரும் ஒரு நொடி நிறுத்தினார்கள். வெடிப்பில் இன்னும் இடம் இருந்தது. செல்வராணி அடுத்த குச்சியை எடுத்தார். ஆபீசரும் இப்போது உதட்டை அசைத்து, அவர் மொழியில் எண்ணிக்கொண்டிருந்தார். கடைசிக் குச்சியை நகத்தால் தள்ளி உள்ளே விட்டதும் செல்வராணி என் பக்கம் திரும்பிப் பென்சில் கேட்டார். புதுத் தாளை நான் சுவரில் வைத்துப் பிடித்தேன். ரவீந்திரன் மறுபக்கம் பிடித்தார். செல்வராணி இரண்டு கோடு இழுத்தார். ஓரத்தில் தேதி எழுதினார். தாளை ஆபீசரிடம் நீட்டினார். ஆபீசர் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தார். அதன் பக்கத்தில் எண்ணையும் அவரே எழுதினார்.

பதினேழு.